அதே சட்டை, அதே பூ

ஜூலை 7, 2025, திங்கள்

சமையல் போட்டியின் மூன்றாவது எபிசோட் இன்று தொடங்கியது. கோலாலம்பூர் சுங்கை பீசியில் ஒரு கிடங்கைத்தான் ஸ்டூடியோ ஆக்கியிருக்கிறார்கள். ஏப்ரன் கட்டியதும் ஒவ்வொரு போட்டியாளரையும் முன்னே, பின்னே, பக்கவாட்டில் படம் எடுத்துக்கொள்வது உடைப் பிரிவில் என் வேலை, அப்புறம் கைகளைத் தனியாக. கை எதற்கு என்று புதுப் பையன் கேட்டான். பினாங்கு அண்ணனைக் காட்டினேன். இடது கைச் சட்டை முழங்கை வரை மடித்திருக்கிறது, வலது கையில் ஒரு மடிப்பு கம்மி, கரண்டி பிடிக்கும் கை என்பதால் அது வேறு நழுவிக்கொண்டே இருக்கும். காலையில் வெங்காயம் வதக்கியதையும் மாலையில் தட்டில் வைத்ததையும் எடிட்டர் அடுத்தடுத்து ஒட்டும்போது அந்த மடிப்பு ஏறி இறங்கினால் போதும், குழம்பை யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

ஒரு எபிசோடுக்கு இரண்டு நாள், இரண்டு நாளும் ஒரே உடை. 'தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்' என்கிற கேக், ரொட்டிப் போட்டி நிகழ்ச்சியிலும் இரண்டு நாளுக்கும் ஒரே உடைதான் என்று சமாதானம் சொன்னேன். "அங்கே யாரும் கருவாட்டுக் குழம்பு வைக்கிறதில்லையே தம்பி" என்றார் செந்தூல் அக்கா. நியாயம்தான். சட்டை என்றால் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரே மாதிரி இரண்டு வாங்கிவிடலாம், சொந்தப் புடவைக்கு ஜோடி எங்கே தேடுவது? ராத்திரி டோபி கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மல்லிகைதான் பெரிய தலைவலி. காலையில் வைத்த சரம் விளக்குச் சூட்டில் மத்தியானத்துக்குள் பழுத்துவிடும், அதனால் பிரிக்பீல்ட்ஸில் அதே கட்டு, அதே நீளத்தில் கூடுதலாக வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்திருப்போம். விபூதி இன்னும் மோசம், வியர்வையில் மூன்று கோடு ஒன்றரைக் கோடாகிவிடும். அதை மட்டும் நான் பூசிவிட மாட்டேன், படத்தைக் காட்டுவேன், அவரவரே பூசிக்கொள்வார்கள்.

ஜூலை 11, வெள்ளி

தனிப்பேட்டி. திங்கட்கிழமை போட்ட அதே உடை, அதே தோடு, "இப்போ என் கை நடுங்குது, குக்கர் விசில் வரவே இல்லை" என்று அந்த நிமிடத்தில் நிற்பதுபோல் பேச வேண்டும். விசில் வந்து நாலு நாள் ஆகிறது. உடை மாறாததால் எடிட்டர் இந்தப் பேச்சை எங்கே வேண்டுமானாலும் செருகலாம், நினைத்தால் இரண்டு பேச்சின் பாதியை வெட்டி ஒரே வாக்கியமாகவும் ஒட்டலாம். முதலாவதில் எனக்கு வருத்தமில்லை, கதை சொல்ல அது வேண்டும். இரண்டாவதற்கு என் இஸ்திரிப் பெட்டியும் உடந்தை என்பதுதான் பிடிக்கவில்லை.

ஒருவர் நெருக்கமான கட்டம் போட்ட சட்டையோடு வந்தார். கேமராவில் அலையடிக்கும், மாற்றச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

போட்டியாளரின் உறவினர் ஒருவர் ஸ்டூடியோ வாசலில் எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் புலனத்தில் போட்டுவிட, ஒரே அமளி. படத்தில் ஐந்தாவது எபிசோட் சட்டை. நிகழ்ச்சி ஒளிபரப்பானதும் அந்தச் சட்டையை வைத்தே, அவர் நான்காவதில் வெளியேறவில்லை என்று யாரும் கண்டுபிடித்துவிடலாம். இனி வெளியே போகும்போது எல்லோரும் மேலே ஜாக்கெட் போட வேண்டுமாம், கோலாலம்பூர் வெயிலில்.

ஜூலை 25, வெள்ளி

செந்தூல் அக்கா வெளியேறிவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலில் கேட்டது அரக்குப் புடவையைத்தான். அவருடைய சொந்தப் புடவை, ஆடி கழிந்ததும் பட்டர்வொர்த்தில் தங்கை மகள் கல்யாணம், அதற்குக் கட்ட வேண்டும். ஆனால் எடிட்டிங் முடியும்வரை எந்த உடையும் வெளியே போகக் கூடாது, ஒரு வரி விட்டுப்போயிருந்தால் திரும்ப உட்காரவைத்து எடுக்க வேண்டியிருக்கும். செப்டம்பர் ஆகும் என்கிறார்கள். அவருடைய பேட்டிகளை மட்டும் முதலில் பார்த்து முடிக்க முடியுமா என்று எடிட்டரிடம் கேட்டிருக்கிறேன், திங்கட்கிழமை சொல்கிறாராம். அதுவரை பெயர் எழுதிய பையில் பிளவுஸோடு சேர்த்துத் தொங்கவிட்டிருக்கிறேன்.