அருட்பிரகாசத்தில் ஒரு ‘ட்’

பகலில் கல்லூரி நூலகத்தில் வேலை. மாலையில் ஒரு மணி நேரத்தைத் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். எனக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலைதான். யாரோ ஒருவர் தேடி வரும்போது சரியான தகவல் அதற்குரிய இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி நான்கைந்து தாள்களோடு வந்தாள். புலம்பெயர்ந்தோர் இசை பற்றி அசைன்மென்ட் எழுதுகிறாள். ராப் பாடகி எம்.ஐ.ஏ. பற்றிய தமிழ்க் கட்டுரையை அச்செடுத்து வந்து, “மேம், இதை நம்பிச் சேர்க்கலாமா?” என்று கேட்டாள். அது நான் தொடங்கிய கட்டுரை. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக ஏ.ஆர். ரகுமானோடு சேர்ந்து அவர் செய்த ‘ஓ... சாயா’ பாடல் 2009இல் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டபோது, அந்த உற்சாகத்தில் ஒரே இரவில் எழுதியது. உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். “வேண்டாம்மா, ஒரு மாதம் பொறு” என்றேன்.

முதல் வரியே ‘தன் குரலால் உலகைக் கட்டிப்போட்ட தமிழச்சி’. அந்த வரியை எழுதிய நாளின் மகிழ்ச்சி நினைவிருக்கிறது. ஆனால் கலைக்களஞ்சியத்தில் அந்த வரிக்கு வேலை இல்லை. எந்த உலகம், எந்த ஆண்டு, எந்தப் பாட்டு என்று எதையும் அது சொல்லவில்லை. அதை எடுத்துவிட்டு, ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடல் 2008இல் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் நான்காம் இடம் வரை போனது, அந்த ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவுக்கான கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது என்று எழுதினேன். பெருமைப்பட விரும்புகிறவர் அதைப் படித்துத் தாமே பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

அடுத்து அவருடைய அப்பா. அவர் விடுதலைப் புலிகள் இயக்கத்தைச் சேர்ந்தவர் என்று எழுதியிருந்தேன். எங்கோ ஓர் ஆங்கிலக் கட்டுரையில் படித்ததை அப்படியே போட்டிருக்கிறேன். உரையாடல் பக்கத்தைத் திறந்தால், இரண்டு வருடத்துக்கு முன்பே ஒரு பயனர் குறிப்பு விட்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர் என்பது எழுத்திலேயே தெரிந்தது. “அக்கா, அருளர் புலி இயக்கத்தில இருந்தவர் இல்லை. அவர் ஈரோஸ். இரண்டும் ஒன்று எண்டு எழுதிப்போட்டு விட்டால் எங்கட சனத்துக்கே பிழையான வரலாறு போகும்.” கோபமில்லாத, ஆனால் வலியோடு எழுதிய வரிகள். நான் பார்க்காமலே இருந்திருக்கிறேன்.

அவர் சொன்னது சரி. அருளர் என்ற ஏ.ஆர். அருட்பிரகாசம் 1975இல் லண்டனில் உருவான ஈரோஸ் என்ற தனித் தமிழ்ப் போராளி அமைப்பின் நிறுவனர்களில் ஒருவர். ‘லங்கா ராணி’ என்ற நாவலையும் எழுதியவர். 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து தமிழ் அகதிகளை வடக்கே ஏற்றிச் சென்ற கப்பலின் பெயர் அது. மகளின் முதல் இசைத்தொகுப்பான ‘அருளர்’ (2005) அப்பாவின் இயக்கப் பெயரைத்தான் தாங்கி வந்தது. இவ்வளவும் இருக்க, வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று எல்லாரையும் ஒரே சொல்லுக்குள் அடைத்ததை நான் தமிழிலும் அடைத்துவிட்டேன். தமிழில் எழுதுகிற நமக்கு அந்த வேறுபாடு தெரியாமல் இருக்க நியாயமே இல்லை. உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய கட்டுரையில் சான்றில்லாத வரி ஒரு நிமிடம்கூட நிற்கக்கூடாது என்ற விதி இருப்பதன் காரணம் அன்று எனக்கு முழுமையாக விளங்கியது. திருத்திவிட்டு அவருக்கு நன்றி சொல்லி எழுதினேன். “பரவாயில்லை அக்கா, இனி நானும் பாக்கிறன்” என்று மறுநாள் பதில். அப்புறம் கட்டுரையின் பாதி வேலையை அவர்தான் செய்தார்.

பெயரிலேயே எங்களுக்குள் ஒரு நீண்ட பேச்சு நடந்தது. ஆங்கிலத்தில் பாடகியின் குடும்பப் பெயரை ‘அருள்பிரகாசம்’ என்று வாசிக்கும்படிதான் எழுதுகிறார்கள். நானும் அப்படியே பெயர்த்து வைத்திருந்தேன். ஆனால் அருளும் பிரகாசமும் தமிழில் சேர்ந்தால் ‘ள்’ என்பது ‘ட்’ ஆகும். அருட்பிரகாசம். அப்பா தன் ஆங்கில நூலில் பெயரைப் போட்ட விதத்தில்கூட அந்த ‘ட்’ இருக்கிறது. மகளின் பெயரில் அது லண்டனில் எங்கோ உதிர்ந்துவிட்டது. தமிழ்க் கட்டுரையில் அதைத் திரும்பப் போடலாமா, அல்லது அவர் எழுதும் வழியை அப்படியே விட்டுவிட வேண்டுமா? ஒரு மனிதரின் பெயர் அவருக்கே உரியது என்றார் நண்பர். எனக்கும் அது நியாயமாகப் பட்டது, ஆனாலும் மனம் கேட்கவில்லை. கடைசியில் கட்டுரை முழுக்க எம்.ஐ.ஏ. என்றே வைத்து, பெயர் விளக்கத்தில் மட்டும் மாதங்கி அருட்பிரகாசம் என்றும் அருள்பிரகாசம் என்றும் இரண்டு வடிவங்களையும் கொடுத்தோம். அந்த ஒற்றை எழுத்துக்காக மூன்று மாலைகள் செலவானதில் எனக்கு வருத்தமே இல்லை.

ஆங்கிலக் கட்டுரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழில் எழுதும்போது இன்னொன்று புரிந்தது. எதை விளக்குவது, எதை விளக்காமல் விடுவது என்பது மொழிக்கு மொழி மாறுகிறது. 2013இல் வந்த தொகுப்பின் பெயர் ‘மாதங்கி’. அது ஒரு தெய்வத்தின் பெயர் என்று ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதினால்தான் வாசகருக்குப் புரியும். மீனாட்சியை மாதங்கி என்று பாடும் ஊரில் அந்தப் பத்தி எதற்கு? ‘கலா’ (2007) தொகுப்பில் ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ பாடல்களில் நம் உறுமி ஒலிக்கிறது. அதை நான் ‘உருமி’ என்று எழுதியிருந்தேன், ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பெயர்த்ததன் விளைவு. திருவிழாவில் பக்கத்தில் நின்று கேட்ட வாத்தியத்தின் பெயரை வேறு மொழி வழியாகத் திரும்பி வாங்கியிருக்கிறேன் என்பது மனதைக் குத்தியது. மாறாக, நம் வாசகருக்கு விளக்க வேண்டியவை வேறு. ‘சாம்பிள்’ என்றால் என்ன, மிக்ஸ்டேப் என்றால் என்ன, அவர் பாட்டுக் கட்டப் பழகிய ரோலண்ட் எம்.சி.-505 என்ற மின்னணு இசைக்கருவி என்ன செய்யும்.

சாம்பிளுக்கு ‘இசைத்துணுக்கு’ என்று போட்டுப் பார்த்தேன். அர்த்தம் சரி, ஆனால் பழைய ஒலிப்பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்துப் புதிய பாட்டின் அடியில் ஓடவிடுவது என்ற செயல் அதில் இல்லை. அதனால் சாம்பிள் என்றே எழுதி, ஒரு வரி விளக்கமும் கொடுத்தேன். ‘பேப்பர் பிளேன்ஸ்’தான் அதற்கு நல்ல உதாரணம். தி கிளாஷ் என்ற பிரித்தானிய ராக் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாடலான ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’லிலிருந்து எடுத்த துண்டு அதில் ஓடுகிறது. அந்தக் குழுவினரின் பெயர்களும் பாடலாசிரியர்களாகப் பதிவாகியிருக்கின்றன. பழைய பாட்டின் கருவும் குடியேறிகள், புதியதன் கருவும் குடியேறிகள். அமெரிக்க விசா கிடைக்காமல் அலைந்த நாட்களில், இந்தியா, டிரினிடாட், லைபீரியா என்று ஊர் ஊராகப் போய் ஒலிப்பதிவு செய்த தொகுப்பில் உள்ள பாட்டு இது. ‘இந்தச் சாம்பிள் தற்செயலாக அமைந்ததல்ல’ என்று ஒரு வரி எழுதினேன். எனக்குப் பிடித்த வரி. மறுநாள் நானே நீக்கினேன். அது என் ஊகம். ஓர் இசை விமர்சகர் அச்சில் சொல்லியிருந்தால் அவர் பெயரோடு போடலாம். நானாகச் சொல்ல முடியாது. விக்கியில் இதைச் சுய ஆய்வு என்போம். எழுதுகிற கைக்கு மிகவும் கஷ்டமான விதி அதுதான்.

கட்டுரையின் எடை எங்கே விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு வந்த பயனர்கள் சேர்த்துச் சேர்த்து, அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் 2012 இடைவேளை நிகழ்ச்சியில் மடோனாவோடு மேடையேறியபோது அவர் நடுவிரலைக் காட்டியது மட்டும் நான்கு பத்தி ஓடியது. அவர் செய்த இசைக்கு இரண்டு பத்திதான். சம்பவம் உண்மை. அந்தப் போட்டியை நடத்தும் என்.எஃப்.எல். அமைப்பு அவரிடம் மொத்தம் 1.66 கோடி டாலர் இழப்பீடு கேட்டதும் 2014இல் சமரசம் ஆனதும் உண்மை. ஆனால் சில விநாடி நடந்ததற்கு நான்கு பத்தி அதிகம். மூன்று வாக்கியமாகச் சுருக்கினேன். அதே அளவுகோலை எனக்குக் கசப்பான இடத்திலும் வைக்க வேண்டுமல்லவா? 2020இல் தடுப்பூசிக்கு எதிராக அவர் சொன்னவற்றை விட்டுவிடலாம் என்று ஒருவர் கேட்டார், “நம்ம பிள்ளையாச்சே” என்று. எனக்கும் அந்தப் பாசம் உண்டு. ஆனாலும் சான்றோடு இரண்டு வாக்கியம் சேர்த்தேன். பாசத்துக்காக ஒன்றை மறைத்தால், மற்ற வரிகளையும் அந்த மாணவி எப்படி நம்புவாள்?

ஒரு மாதம் என்று சொன்னது மூன்று மாதம் ஆனது. அவளுடைய அசைன்மென்ட் அதற்குள் முடிந்துவிட்டது. ஆனாலும் வந்து கட்டுரையைத் திரையிலேயே படித்தாள். ஆறு மாதக் குழந்தையாக லண்டனிலிருந்து யாழ்ப்பாணம் போனது, போருக்கு நடுவே வளர்ந்தது, சென்னையில் இருந்தது, 1986இல் அகதியாக லண்டன் திரும்பியது, தெற்கு லண்டனில் மிட்சம் (Mitcham) வட்டாரத்தின் அரசுக் குடியிருப்பு, அங்கே ஆங்கிலம் கற்றது, பிறகு சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரி. ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு மேற்கோள் எண்.

கடைசியாக நான் சேர்த்தது அம்மாவைப் பற்றிய வரி. ‘கலா’ என்பது அவர் அம்மாவின் பெயர். தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். 2019இல் எம்.ஐ.ஏ.வுக்கு பிரித்தானிய அரசின் எம்.பி.ஈ. கௌரவம் அறிவிக்கப்பட்டபோது, அந்தப் பதக்கங்களின் நாடாக்களைக் கையால் தைத்தவர்களில் தன் அம்மாவும் ஒருவர் என்று அவர் சொன்னார். அந்த வரியை விருதுகள் பகுதியில் போடுவதா, இளமைக்காலப் பகுதியில் போடுவதா என்று நண்பரிடம் கேட்டேன். “அம்மா வேலை செய்த கதைதானே அக்கா, விருதுக்குக் கீழ போட வேண்டாம். மேல, குடும்பத்தோட வையுங்கோ” என்றார். அப்படியே வைத்தேன்.