பேட்டைப் போட்டுட்டு ஓடு

ஜனவரி 19, 2025, ஞாயிறு

கம்பெனி சாஃப்ட்பால் அணிக்குப் பேர் கொடுத்தவர்கள் பதினாலு. காலை ஆறு மணிக்கு கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு வந்தவர்கள் ஏழு. நைட் ஷிப்ட் முடித்து யூனிஃபார்மோடு நேராக வந்த பாய்லர் தம்பிதான் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றான்.

மெயின்டனன்ஸ் டேப்பை வைத்து பேஸுக்கு பேஸ் 60 அடி அளந்தோம். பந்தை அடித்தவர், பந்து வந்து சேர்வதற்குள் ஓடிப்போய்க் காலால் தொட வேண்டிய இடம்தான் பேஸ். கிரிக்கெட் பிட்ச் 66 அடி. "அதைவிட ஆறடி கம்மிதானம்மா, பொசுக்குனு போயிடலாம்" என்றார் ஸ்டோர்ஸ் அண்ணன். இரண்டாவது ஓட்டத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐம்பத்திரண்டு வயதில் காலை ஆறு மணிக்கு வந்தாரே, அதுவே எனக்குப் பெரிது.

சாஃப்ட்பால் என்றதும் டென்னிஸ் பந்து மாதிரி இருக்கும் என்று நினைத்து வந்திருக்கிறார்கள். கிரிக்கெட் பந்து 160 கிராம் வாக்கில் இருக்கும். இது 180 கிராம், சுற்றளவு 12 அங்குலம். லேப் தங்கச்சி இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்து, "என்னக்கா, தேங்கா மாதிரி கனக்குது" என்றாள்.

பள்ளியில் நான் கேட்சர், அடிப்பவருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவள். மாவட்ட அணி வரை போனேன். பிளஸ் டூவோடு நின்றுபோன ஆட்டம். இருபது வருஷம் கழித்து க்ளவுஸை மாட்டியபோது கை தானாக விரிந்து குவிந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தத் தோல் வாசனை கையிலேயே இருந்தது.

ஜனவரி 26, ஞாயிறு

கம்பெனியில் கொடியேற்றம் முடிந்ததும் முதல் மேட்ச். சிப்காட்டில் எங்களுக்கு இரண்டு கேட் தள்ளி இருக்கும் கம்பெனி அணியோடு. மூன்று இன்னிங்ஸ் முடிவில் 15 ரன் வித்தியாசம் இருந்தால் ஆட்டத்தை முடித்துக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருந்தோம். 2–17 என்று தோற்றோம். ஒன்பது மணிக்கெல்லாம் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு விஷயத்தை எழுதி வைக்க வேண்டும். கேன்டீன் மாமா பந்தை மெதுவாகத் தட்டினார். அது பந்து போட்ட பிட்சர் கைக்கே போனது. மாமா கையைத் தூக்கி "வேணாம் வேணாம்" என்று கத்திவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார். எதிரில் ஓடிவர யாருமே இல்லை. முப்பது வருஷமாக கிரிக்கெட் ஆடிய வாய், அதுவாகவே கத்திவிட்டது. இந்த ஆட்டத்தில் அடித்த பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்தால் ஓடியே ஆக வேண்டும். ஓடலாமா வேண்டாமா என்கிற பேச்சே கிடையாது.

அடுத்து பாய்லர் தம்பி. நல்ல அடி. பேட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஓடினான். முதல் பேஸுக்கு ஒரு எட்டு இருக்கும்போது குனிந்து, கிரீஸைத் தொடுவது மாதிரி பேட்டை நீட்டி பேஸில் வைத்தான். பேட் பேஸில், கால் மண்ணில். பந்து வந்து சேர்ந்தது, அவுட். "பேட்டு தொட்டுச்சேக்கா!" என்று என்னைப் பார்த்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பேட்டைப் போட்டுட்டு ஓடு, பேட்டைப் போட்டுட்டு ஓடு என்று இன்று எத்தனை தடவை கத்தினேனோ, தொண்டை கட்டிவிட்டது.

பிப்ரவரி 5, புதன்

க்ளவுஸ் பார்சல் வந்தது. மொத்தம் ஆறு க்ளவுஸ்தான் இருந்தன. ஒன்பது பேருக்கு மூன்று குறைகிறது. ஆளுக்கு இருநூறு போட்டு மீரட்டுக்கு ஆர்டர் கொடுத்திருந்தேன். அதில் ஒன்று எலெக்ட்ரிகல் தம்பிக்காக. அவன் இடது கையால் எறிபவன். அதனால் அவனுக்கு வலது கையில் மாட்டுகிற க்ளவுஸ் வேண்டும். நான் "லெஃப்ட் ஹேண்ட்" என்று எழுதினேன். கடைக்காரர் இடது கையில் மாட்டுவதை அனுப்பிவிட்டார். எந்தக் கையால் எறிவான் என்று எழுதியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது. மாற்றிக் கொடுக்க மாட்டார்களாம்.

"பரவால்லக்கா, பாத்துக்கலாம்" என்றான். அவன் போனபிறகும் மனசு ஆறவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

செவ்வாய்க்கிழமை தைப்பூசம். ஸ்டோர்ஸ் அண்ணன் அன்னதான வேலைக்கு வடலூர் போய்விட்டார். மூன்றாவது பேஸில் ஆள் இல்லை. ஐந்து பேரை வைத்து பிராக்டிஸ்.

எலெக்ட்ரிகல் தம்பி இடது கையிலேயே க்ளவுஸை மாட்டி பந்தைப் பிடிக்கிறான். பிடித்ததும் க்ளவுஸை வலது அக்குளில் இடுக்கிக்கொண்டு கையை உருவி, அதே கையால் பந்தை எடுத்து எறிகிறான். எவ்வளவு வேகமாகச் செய்தாலும் "ஒண்ணு, ரெண்டு" எண்ணிவிடலாம். அதற்குள் ஓடுகிறவன் பேஸைத் தாண்டிப் போய்விடுகிறான். அவுட்ஃபீல்டில் நின்று இருபது தடவை அப்படியே செய்தான். சலிக்கவே இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

இருந்த இரண்டு பந்தில் ஒன்று பிரிந்துவிட்டது, இன்னொன்று சாக்கடையில். பாய்லர் தம்பி காட்டன் வேஸ்டை உருட்டி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றி ஒரு பந்து செய்தான். அதை வைத்தே ஒரு மணி நேரம் ஓடினோம்.

இந்த ஆட்டமே அப்படித்தான் பிறந்தது என்று சொன்னேன். 1887-இல் சிகாகோவில், ஒரு கட்டிடத்துக்குள், பழைய பாக்ஸிங் க்ளவுஸைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கட்டையால் அடித்து ஆடியிருக்கிறார்கள். "அப்ப நாம கரெக்டாதான்க்கா ஆரம்பிச்சிருக்கோம்" என்றான். 1996-இல் அது ஒலிம்பிக் வரை போனதையும் சொன்னேன். டேப் பந்தை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

1–16. மறுபடியும் மூன்று இன்னிங்ஸ்தான். ஒன்பது எர்ரர், அதாவது பிடிக்க வேண்டியதை விட்டதும் தப்பாக எறிந்ததும்.

தோற்றதைவிட லேப் தங்கச்சியின் விரல்தான் கவலை. கிரிக்கெட்டில் பிடிப்பது மாதிரி இரண்டு கையையும் முன்னால் குவித்தாள். க்ளவுஸ் இல்லாத கையின் மோதிர விரல் நுனியில் பந்து நேராகக் குத்தியது. கேன்டீன் மாமா ஐஸ் கொண்டு ஓடிவந்தார். எக்ஸ்ரேயில் எலும்பு முறியவில்லை. பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி, இரண்டு வாரம் ஓய்வு. முதல் நாளே நான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டிய பாடம் இது. பந்து க்ளவுஸுக்குள் விழுந்தபிறகுதான் அடுத்த கை வந்து மூட வேண்டும்.

அவள் அம்மாவிடம் நானே போனில் பேசினேன். திட்டவில்லை. "அவ ராத்திரி தூக்கத்துலயும் பேஸு பேஸுங்குறா" என்றார்.

மார்ச் 2, ஞாயிறு

ராத்திரி படுத்துக்கொண்டு யோசிக்கும்போதுதான் உறைத்தது. முதல் பேஸில் நிற்பவர் பெரும்பாலும் எறிய வேண்டியதே இல்லை. மற்றவர்கள் எறிவதை, ஒரு காலைப் பேஸில் ஊன்றிக்கொண்டு பிடித்தால் போதும். எலெக்ட்ரிகல் தம்பிக்கு நல்ல உயரம். பிடிப்பதில் தடுமாற்றமே இல்லை. அவனை ஏன் அவுட்ஃபீல்டில் நிறுத்தி ஒரு மாசத்தைக் கழித்தேன்?

இன்று முதல் பேஸில் நிறுத்தினேன். பன்னிரண்டு எறிந்தோம், பதினொன்றைப் பிடித்தான்.

மார்ச் 9, ஞாயிறு

சில்வர் பீச். மைதானத்துக் கட்டாந்தரையில் சறுக்கினால் தோல் உரிகிறது என்று தேவனாம்பட்டினம் ஈர மணலுக்கு வந்தோம். இரண்டாவது பேஸைத் தாண்டி ஓடினால் தொட்டு அவுட் ஆக்கிவிடுவார்கள், அதனால் சறுக்கிப் போய் பேஸிலேயே நிற்கப் பழக வேண்டும். கேன்டீன் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏழு தடவை சறுக்கினார். வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர்கள் இரண்டு பேர் வந்து நின்று பார்த்தார்கள். ஒருவர் தானும் ஒருதடவை சறுக்கிப் பார்த்தார், எங்கள் எல்லாரையும்விட நன்றாக.

புதன்கிழமை மாசி மகம். சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு இங்கேதான் வரும். அன்று பிராக்டிஸ் கிடையாது, குடும்பத்தோடு வருவோம்.

மார்ச் 16, ஞாயிறு

8–11. தோற்றோம். முதல் மேட்சில் ஆடிய அதே கம்பெனி அணி. ஆனால் ஏழு இன்னிங்ஸும் ஆடினோம்.

ஐந்தாவது இன்னிங்ஸில் பாய்லர் தம்பி அடித்தான். கையிலிருந்து பேட் விழுந்து மண்ணில் உருளும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் முதல் பேஸைத் தாண்டியிருந்தான். என் கண் கலங்கிவிட்டது.

ஆறாவதில் அவர்கள் அடித்த பந்து தரையோடு துள்ளி, இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் இருக்கும் ஷார்ட்ஸ்டாப் பக்கம் போனது. விரல் கட்டு பிரித்து ஒரு வாரம்தான் ஆன தங்கச்சி, முட்டி மடித்து, க்ளவுஸ் தரையைத் தொட, பந்து உள்ளே வந்தபிறகு அடுத்த கையால் மூடி எடுத்தாள். எறிந்தது கொஞ்சம் தாழ்வு. எலெக்ட்ரிகல் தம்பி வலது கால் நுனியை பேஸில் வைத்து, உடம்பு மொத்தத்தையும் நீட்டி, மண்ணை ஒட்டிப் பிடித்தான். அவுட். இந்த சீசனில் தரைப் பந்தை எடுத்து எறிந்து நாங்கள் ஆக்கிய முதல் அவுட்.

ஸ்கோர் புக்கில் பேருக்குப் பதிலாக அவரவர் நிற்கும் இடத்தின் எண்ணை எழுதுவோம். 6-3 என்று எழுதினேன். கேன்டீன் மாமா தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"நாம தோத்த கணக்காம்மா இது?"

"இல்ல மாமா. ஆறு தங்கச்சி, மூணு தம்பி. அவ எறிஞ்சா, இவன் புடிச்சான்."

"என் நம்பர் என்ன?"

"அஞ்சு."

புக்கை வாங்கி ஐந்து எங்கே இருக்கிறது என்று பக்கம் பக்கமாகத் தேடினார். எல்லாமே எர்ரருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. புதன்கிழமை அவருக்கு ஏ ஷிப்ட். சாயங்காலம் வருகிறேன், தரைப் பந்து மட்டும் போட்டுக் கொடு என்று சொல்லிவிட்டுப் போனார்.