விழுங்கப்படும் நேரம்

மே 3, 2025, சனி

பிளஸ் டூ முடித்துவிட்டுப் பழங்காநத்தத்திற்கு வந்திருக்கும் அக்காள் மகன், 2005-இல் வெளிவந்த 'ரெசிடென்ட் ஈவில் 4' வீடியோ விளையாட்டில் ஏரிக்கரையில் நின்று, பொழுது போகாமல் தண்ணீரைச் சுட்டுக்கொண்டிருந்தான். சில குண்டுகளுக்குப் பின் டெல் லாகோ என்னும் பேருருவம் எழும்பி, நாயகன் லியோனை வாயில் கவ்விக்கொண்டு நீருக்குள் மறைந்தது. "நான் ஒண்ணுமே பண்ணலையே மாமா!" என்றான். அவன்தான் சுட்டான்.

மே 5, திங்கள்

விளையாட்டில் குண்டடி பட்டுச் சாவதைவிட இப்படி விழுங்கப்படுவது ஏன் அதிகம் உறுத்துகிறது என்று யோசித்தேன். உயிர்ப்பட்டை என்பது ஒரு கணக்கு. அடி வாங்கினால் குறையும், மருந்து எடுத்தால் கூடும். விழுங்கும் எதிரி அந்தக் கணக்கையே மதிப்பதில்லை. 1996-இன் 'டூம் ரெய்டர்' விளையாட்டில் டைரனோசர் நாயகி லாராவைக் கவ்விவிட்டால், பட்டை நிறைந்திருந்தும் பயனில்லை. 1988-இன் மூன்றாம் சூப்பர் மரியோவில் நெருப்பு எறியும் வலிமை தரும் தீப்பூவைப் பெற்றிருந்தாலும் பெரிய மீனின் வாய்க்குள் போனால் ஓர் உயிர் போயிற்று. கவ்விய நொடியில் நம் உருவம் எதிரியின் தாடையோடு பிணைக்கப்பட்டு, எந்தப் பட்டனை அழுத்தினாலும் விளையாட்டு செவிசாய்ப்பதில்லை. கன்ட்ரோலர் கையிலிருந்தும் வேடிக்கை பார்க்க வேண்டியிருப்பதுதான் கொடுமை. இரத்தமெல்லாம் அதற்குப் பின்புதான்.

மே 6, செவ்வாய்

பகல் முழுக்க மின்தடை.

மே 9, வெள்ளி

1998-இன் 'ஆக்கரினா ஆஃப் டைம்' விளையாட்டில் வரும் லைக் லைக் என்னும் அரக்கனை எனக்குப் பிடித்திருக்கிறது. நாயகன் லிங்கை உறிஞ்சி விழுங்கிவிட்டு, அவனைத் துப்பிக் கேடயத்தை வைத்துக்கொள்கிறது. உடனே கொன்றால் கேடயம் திரும்பக் கிடைக்கும். செரிமானத்திற்குக் கெடு வைத்த நியாயமான அரக்கன். 'டார்க் சோல்ஸ்' விளையாட்டில் புதையல் பெட்டிபோல் கிடந்து, திறப்பவனைக் கவ்வும் பெட்டி அரக்கனிடம் அந்தத் தயவு இல்லை என்றாலும், பெட்டியின் சங்கிலி கிடக்கும் விதத்தைக் கூர்ந்து பார்ப்பவனுக்கு முன்னெச்சரிக்கை உண்டு.

மே 11, ஞாயிறு

திருப்பரங்குன்றம் போயிருந்தோம். ஆயிரம் பேர் சேர்ந்ததும் உண்பதற்காக 999 பேரைக் குகையில் அடைத்திருந்த பூதம் ஆயிரமாவது ஆளாக நக்கீரரைப் பிடித்ததையும், அவர் திருமுருகாற்றுப்படை பாடி எல்லோரையும் மீட்டதையும் அம்மா அக்காள் மகனுக்குச் சொன்னார்.

"அவருக்கு முன்னாடி மாட்டின 999 பேருக்கும் எந்தப் பட்டனும் இல்லையா பாட்டி?" என்று கேட்டான். அம்மாவுக்குக் கேள்வி விளங்கவில்லை.

இரவு 'டார்க் சோல்ஸ்' ஆடுகிறான். ஒவ்வொரு பெட்டியையும் வாளால் ஒருமுறை தட்டிய பிறகே திறக்கிறான்.