சித்திக்கு கிரீன் கார்டு: இரண்டு வருடம் நான்கு மாதம்

அப்பா 2018-இல் காலமானார். அதற்குப் பிறகு சித்தி தனியாகவே இருந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. "இல்லை" என்று எழுதும்போதே கை தயங்குகிறது, ஏனென்றால் பத்து வயதிலிருந்து என்னை வளர்த்தவர் அவர்தான். என்னைப் பெற்ற அம்மா 1984-இல் இறந்தபோது எனக்கு ஏழு வயது. 1987-இல் அப்பா சித்தியைக் கல்யாணம் செய்துகொண்டார். நான் 2020-இல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கினேன். சித்தியை இங்கே நிரந்தரமாகக் கூட்டி வரலாம் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது.

முதலில் விசாரித்த மூன்று பேரும் "முடியாது" என்றார்கள். அதில் ஒருவர் வக்கீல். "உங்க அப்பா உயிரோட இருந்திருந்தா சரி. அவரே போன பிறகு இவங்க உங்களுக்கு யாரு?" என்று கேட்டார். அந்தக் கேள்வி பல நாள் மனசிலேயே நின்றது. "முடியாது" என்பது தவறான பதில் என்று அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தை நானே உட்கார்ந்து படித்த பிறகுதான் தெரிந்தது. இதே கேள்வியோடு வேறு யாராவது இருப்பார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்கக் குடிமகனோ குடிமகளோ 21 வயது முடிந்திருந்தால் பெற்றோருக்கு மனு போடலாம். மாற்றாந்தாய், மாற்றாந்தந்தையும் அந்தச் சட்டத்தின்படி பெற்றோர்தான். ஒரே நிபந்தனை: அந்த உறவை உண்டாக்கிய கல்யாணம், பிள்ளைக்கு 18 வயது ஆகும் முன் நடந்திருக்க வேண்டும். தத்து எடுத்திருக்க வேண்டியதில்லை. பெற்றவர் இறந்துவிட்டால்? உறவு தானாக அறுந்துவிடாது. அவர் போன பிறகும் இருவரும் குடும்பமாகவே உண்மையில் இருந்து வந்தார்களா என்று பார்ப்பார்கள். அதை நிரூபிக்கும் பொறுப்பு மனு போடுகிறவருடையது.

ஆக நான் காட்ட வேண்டியவை இரண்டு. ஒன்று, 1987-இல் கல்யாணம் நடந்தது. இரண்டு, 2018-க்குப் பிறகும் சித்தி எனக்கு அம்மாவாகவே இருக்கிறார். இரண்டாவதுதான் கஷ்டம் என்று நினைத்தேன். என்னை அலைய வைத்தது முதலாவது.

2021 செப்டம்பரில் ஐ-130 மனுவை, அதாவது உறவினரை அழைத்துவரப் போடும் முதல் மனுவை, ஆன்லைனில் போட்டேன். அன்று கட்டணம் 535 டாலர். 2024 ஏப்ரல் 1 முதல் அது ஆன்லைனில் 625, காகிதத்தில் 675 என்று ஏறிவிட்டது. படிவத்தில் உறவு "பேரன்ட்" என்று குறித்த உடனே, அது எப்படிப்பட்ட உறவு என்று இன்னொரு கேள்வி வரும். அங்கே "ஸ்டெப்சைல்ட் / ஸ்டெப்பேரன்ட்" என்ற கட்டத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். என் பள்ளிச் சான்றிதழ் ஒன்றில் தாயார் பெயர் என்ற இடத்தில் சித்தியின் பெயரே இருக்கிறது. "அதையே வெச்சு அம்மான்னு போட்டுடு, வேலை சுலபமா முடிஞ்சிடும்" என்று உறவினர் ஒருவர் சொன்னார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிறப்புச் சான்றிதழில் வேறு பெயர் இருக்கும். ஒரு பொய் பிடிபட்டால் உண்மையான உறவும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இணைத்தவை: என் பிறப்புச் சான்றிதழ், குடியுரிமைச் சான்று, அம்மாவின் இறப்புச் சான்றிதழ் (அப்பாவின் முதல் திருமணம் முடிந்துவிட்டது என்பதற்கு), அப்பாவின் இறப்புச் சான்றிதழ். தமிழில் இருந்த எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு. மொழிபெயர்த்தவர் "எனக்கு இரு மொழியும் தெரியும், இது முழுமையானது, சரியானது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அதற்கு நோட்டரி முத்திரை தேவையில்லை. நான் தெரியாமல் அதற்கும் பணம் செலவழித்தேன்.

இல்லாத ஒன்று, அப்பா, சித்தி கல்யாணச் சான்றிதழ். கோயிலில் நடந்த கல்யாணம். இரண்டாம் கல்யாணம் என்பதால் பத்திரிகை அடிக்கவில்லை, ஊரைக் கூட்டவில்லை. ஒரே ஒரு போட்டோ இருந்தது, அதில் தேதி இல்லை. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம் ஆனது 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். 1987-இல் யாரும் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. இப்போது பதியலாம் என்றால் கணவர் இல்லை. குடும்ப அட்டை நகலையும் போட்டோவையும் இணைத்து, விளக்கக் கடிதம் ஒன்று எழுதி அனுப்பினேன். அது போதாது என்று எனக்கே உள்ளூரத் தெரியும்.

2022 ஆகஸ்டில் குடியேற்றத் துறையிடமிருந்து ஆர்எஃப்இ வந்தது. கூடுதல் ஆதாரம் கேட்கும் கடிதம். பதில் அனுப்ப 84 நாள், தபாலுக்கு 3 நாள் சேர்த்து 87. எல்லாவற்றையும் ஒரே தடவையில் அனுப்ப வேண்டும், பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்க முடியாது. அவர்கள் கேட்டது நான் பயந்ததேதான்: திருமணத்துக்கான முதன்மை ஆவணம். அது இல்லையென்றால், இல்லை என்பதற்கு அதிகாரியின் கடிதமும் மாற்று ஆதாரமும். கூடவே, அப்பாவின் மறைவுக்குப் பிறகும் உறவு தொடர்கிறது என்பதற்குச் சான்று.

"பதிவாகவில்லை" என்ற கடிதத்தைச் சித்தியே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் வாங்கினார். கோயிலில் பழைய ரசீதுப் புத்தகங்கள் கிடைக்கவில்லை. அப்போதுதான் அப்பாவின் பணிப்பதிவேடு ஞாபகம் வந்தது. அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர். அரசு வேலையில் இருந்தவருக்குப் பணிப்பதிவேட்டில் குடும்ப விவரம், வாரிசு நியமனம் எல்லாம் தேதியோடு இருக்கும். அதன் நகல் கேட்டு ஓர் அலுவலகத்துக்குச் சித்தி நான்கு முறை போனார். நான்கு முறையும் "அடுத்த வாரம் வாங்கம்மா" என்ற பதில்தான். அறுபத்திரண்டு வயதில் இரண்டு பஸ் மாறிப் போய், வெறும் கையோடு திரும்பி வந்து, எனக்குப் போன் செய்து "இன்னைக்கும் கிடைக்கல கண்ணு" என்று அவர் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. அந்த அலுவலகத்தின் மேல் எனக்கு இன்றுவரை ஆத்திரம் அடங்கவில்லை.

ஐந்தாம் முறை போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னேன். அந்தச் சட்டம் இந்தியக் குடிமக்களுக்கானது, அதனால் மனு சித்தியின் பெயரில். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். இருபத்தாறாம் நாள் நகல் வந்தது.

சித்தி அதை போனில் படம் பிடித்து அனுப்பினார். நள்ளிரவு. பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பாவின் சாய்வான கையெழுத்து. "மனைவி" என்ற இடத்தில் என் அம்மாவின் பெயர், அதன்மேல் அடிக்கோல் வைத்து நேராக இழுத்த ஒரு கோடு. பக்கத்தில் சித்தியின் பெயர். ஓரத்தில் 1988 என்று தேதியும் தலைமை ஆசிரியரின் சுருக்கொப்பமும். கீழே "மகள்" என்ற வரியில் என் பெயர், அதில் எந்த மாற்றமும் இல்லை. மூன்று பேரும் ஒரே பக்கத்தில் இருந்தோம். விடியும்வரை எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆவணமாகப் பார்த்தாலும் அந்தப் பக்கத்துக்கு மதிப்பு அதிகம். இப்போது மனுவுக்காக உண்டாக்கியதல்ல. கல்யாணம் நடந்த அடுத்த வருடமே, எனக்குப் பதினொரு வயது இருக்கும்போதே எழுதப்பட்டது. உங்கள் வீட்டில் அரசு வேலை பார்த்தவர் யாராவது இருந்திருந்தால் முதலில் பணிப்பதிவேட்டைத் தேடுங்கள். குடும்ப ஓய்வூதிய ஆணையும் சேர்த்தோம், அதில் சித்தி அப்பாவின் மனைவி என்றே இருக்கிறது. கல்யாணத்தை நேரில் பார்த்த இருவரிடம், அத்தையிடமும் அப்பாவோடு வேலை பார்த்த ஆசிரியரிடமும், உறுதிமொழிப் பத்திரம் வாங்கினோம். அவர்களுடைய முழுப்பெயர், முகவரி, பிறந்த தேதி, பிறந்த ஊர், எப்படித் தெரியும், கல்யாணத்தன்று என்ன பார்த்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். "எனக்கு நன்றாகத் தெரியும்" என்ற ஒற்றை வரி எடுபடாது.

உறவு தொடர்கிறது என்பதற்கு என்னிடம் நிறையவே இருந்தது. மாதாமாதம் அனுப்பிய பணத்தின் வங்கிப் பதிவுகள், ஒவ்வொரு வருடமும் ஊருக்குப் போனதற்குப் பாஸ்போர்ட் முத்திரைகள், சித்தியின் வங்கிக் கணக்கில் நாமினியாக என் பெயர், என் பிள்ளைகளோடு அவர் இருக்கும் படங்கள். 2019-இல் அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தபோது ஒப்புதல் படிவத்தில் "உறவு: மகள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்த நகலை முதல் பக்கமாக வைத்தேன்.

பெயர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். சித்திக்குப் பள்ளிச் சான்றிதழில் அவருடைய அப்பாவின் இனிஷியல், மற்றதில் எல்லாம் என் அப்பாவின் இனிஷியல். பழைய பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி. அப்படியே விட்டால் விசாவில் முதல் பெயர் இருக்கும் இடத்தில் "எஃப்என்யு" (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழும். அது பிறகு கிரீன் கார்டு, வங்கி, ஓட்டுநர் உரிமம் என்று எல்லா இடத்திலும் தொடரும். அதனால் புதுப்பிக்கும்போதே அப்பாவின் பெயரைச் சர்நேமாகப் பிரித்துப் போட்டோம். இரண்டு பெயரும் ஒருவரே என்று ஓர் உறுதிமொழிப் பத்திரமும் எடுத்தோம்.

2022 டிசம்பரில் மனு ஏற்கப்பட்டது. அதற்குப் பிறகு கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போனது. அங்கே 325 டாலர், 120 டாலர் என்று இரண்டு கட்டணம், டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பம், பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாங்கிய காவல்துறைச் சான்று, சித்தியின் செலவுக்கு நான் பொறுப்பு என்று உறுதி தரும் என்னுடைய ஐ-864. இந்த ஐ-864 சாதாரணக் கையெழுத்து இல்லை. குடும்ப எண்ணிக்கைக்கு ஏற்ற வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீத வருமானம் காட்ட வேண்டும். நாங்கள் நால்வர், சித்தியோடு ஐவர். 2023-இல் ஐவருக்கு அது 43,925 டாலர். அவர் குடியுரிமை பெறும்வரை, அல்லது 40 காலாண்டு (சுமார் பத்து வருட) வேலைக் கணக்கு சேரும்வரை, அல்லது இந்நாட்டை விட்டே நிரந்தரமாகப் போகும்வரை அந்தப் பொறுப்பு நம்மை விடாது. கணவரோடு நன்றாகப் பேசிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். நீங்களும் பேசுங்கள்.

இடையில் பலர் சொன்னது, "டூரிஸ்ட் விசாவுல கூட்டிட்டு வந்து இங்கேயே மாத்திக்கலாமே." தங்குவதற்கென்றே திட்டமிட்டு, சுற்றிப் பார்க்க வருவதாகச் சொல்லி உள்ளே வருவது தவறான தகவல் கொடுத்தது ஆகிவிடும். சித்தியை எல்லையில் பொய் சொல்ல வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மருத்துவப் பரிசோதனை சென்னையிலேயே முடிந்தது. நேர்காணல் மும்பையில், 2023 நவம்பரில். நானும் கூடப் போயிருந்தேன், ஆனால் உள்ளே அவரை மட்டும்தான் விட்டார்கள். துணைத் தூதரகத்துக்கு எதிரே சாலையோரம் நின்றிருந்த அந்த இரண்டு மணி நேரம்தான் இந்த இரண்டு வருடத்திலேயே நீளமானது. வெளியே வந்து அவர் சொன்னது இது. கல்யாணம் எப்போது என்று கேட்டார்களாம், சொன்னார். அப்போது இந்தப் பெண்ணுக்கு என்ன வயது என்று கேட்டார்களாம். தமிழில் மொழிபெயர்த்தவரைப் பார்த்துச் சித்தி, "அஞ்சாவது படிச்சுக்கிட்டு இருந்தா. முழுப்பரீட்சைக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன்" என்றாராம். அதிகாரி பணிப்பதிவேட்டு நகலைப் புரட்டிப் பார்த்துவிட்டு வேறு எதுவும் கேட்கவில்லை. விசா ஒட்டுவதற்காகப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசா வகை ஐஆர்-5, அமெரிக்கக் குடிமக்களின் பெற்றோருக்கானது.

2024 ஜனவரியில் வந்து இறங்கினார். கார்டு அச்சிட 220 டாலர் தனியாகக் கட்டியிருந்தோம். வந்த வாரமே மார்க்கெட்பிளேஸ் என்ற அரசுக் காப்பீட்டுச் சந்தையில் மருத்துவக் காப்பீடு எடுத்தோம். 65 வயது ஆனாலும் ஐந்து வருடம் தொடர்ந்து வசித்த பிறகுதான் மெடிகேரில் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பணம் கட்டிச் சேர முடியும், அதனால் அந்த இடைவெளிக்கான செலவை முன்பே கணக்குப் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போனால் ஒரு வருடத்துக்கு மேல் அங்கே தங்கக்கூடாது, அப்படித் தங்க வேண்டியிருந்தால் கிளம்பும் முன்பே ரீஎன்ட்ரி பெர்மிட்டுக்கு (திரும்பி வருவதற்கான அனுமதி) விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் சித்தியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கார்டு தபாலில் வந்த அன்று அதைக் கையில் வாங்கித் தன் போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "அந்த ஃபைலை எடு கண்ணு" என்றார். கொடுத்தேன். அப்பாவின் பணிப்பதிவேட்டு நகல் இருந்த பிளாஸ்டிக் உறையிலேயே கார்டையும் செருகி வைத்தார்.