கூழாங்கல்லில் ஒரு ரிச்சர்ட்சன் கட்டடம்: மூன்றாவது வாரம்

வளைவு நின்றுவிட்டது! நேற்று ராத்திரி அடியில் கொடுத்திருந்த அட்டைத் தாங்கலை மெல்ல உருவினேன். ஒரு கல்கூட அசையவில்லை.

நான் செய்துகொண்டிருப்பது, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த் ஈஸ்டனில் எய்ம்ஸ் (Ames) குடும்பத்துக்காகக் கட்டடக் கலைஞர் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் 1880-81இல் கட்டிய வாயில் வீட்டின் (எஸ்டேட் நுழைவாயிலில் நிற்கும் வீடு) மாதிரி. அடிக்குக் கால் அங்குலம் என்று அளவு வைத்திருக்கிறேன். வளைவுக்கு அடியில் வண்டிப்பாதை. ஒரு பக்கம் குளிர்காலத்தில் செடிகளைக் காப்பாற்றி வைக்கும் கூடம், மறுபக்கம் விருந்தினர் அறைகள். சுவர் முழுக்கச் செதுக்காத உருண்டைப் பாறைகள்.

முதல் இரண்டு வாரமும் சுவரிலேயே போயிற்று. மீன் தொட்டிக்கு விற்கும் கற்களை ஃபோம் போர்டில் ஒட்டினேன். எல்லாம் ஒரே அளவு. சுவருக்குக் கனமே வரவில்லை. சுரண்டி எடுத்துவிட்டுப் புகைப்படங்களை மறுபடி பார்த்தேன். அடியில் பெரிய பாறைகள், சந்துகளில் சின்னக் கற்கள். ஒழுங்கே இல்லாதது போலத் தெரியும், ஆனால் ஒவ்வொன்றும் பக்கத்துக் கல்லைப் பார்த்து வைத்தது. அப்புறம் ஆற்றுக் கூழாங்கற்களை அளவு பார்த்து நான்கு டப்பாக்களில் பிரித்தேன். ஃபெவிகாலில் சலித்த மணலைக் குழைத்து, ஒரு நாளைக்கு இரண்டு அங்குல உயரம்தான் ஏற்றினேன். அதற்கு மேல் போனால் ஈரத்தில் சரிகிறது.

அசல் வளைவு செம்பழுப்பு மணற்கல். நான் உடைந்த பூந்தொட்டித் துண்டுகளை உப்புத்தாளில் ஆப்பு வடிவத்துக்குத் தேய்த்துக்கொண்டேன். நிறம் அப்படியே பொருந்தியது.

ரிச்சர்ட்சன் 1838இல் லூசியானாவில் பிறந்தவர். பாரிஸில் படிக்கும்போது அமெரிக்க உள்நாட்டுப் போரால் வீட்டுப் பணம் நின்றுபோக, அங்கேயே ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். பாஸ்டனில் சதுப்பைத் தூர்த்த நிலத்தில் சுமார் 4,500 மரத்தூண்களை இறக்கி, அவற்றின் மேல் டிரினிட்டி தேவாலயத்தை எழுப்பினார், 1877இல் முடிந்தது. கனத்தைக் கண்டு அஞ்சாத கை அது. 1886இல் இறந்தபோது வயது 47தான். சிகாகோவில் அவர் வடிவமைத்த மார்ஷல் ஃபீல்ட் மொத்த விற்பனைக் கட்டடம் அடுத்த ஆண்டுதான் முடிந்தது. 1930இல் அதை இடித்துவிட்டார்கள். அந்தப் பழைய படத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

சரி, அடுத்தது கூரை. சிவப்பு ஓடு, நடுநடுவே இமை தூக்கினது போல வளைந்து எழும்பும் ஜன்னல்கள். நெளி அட்டையை நனைத்து, கரண்டியின் முதுகில் வைத்து வளைத்துப் பார்த்தேன். இரண்டு கிழிந்தன, மூன்றாவது தேறியது. இப்போது கரண்டியோடேயே காய்கிறது.