ஒலிக் கருவிகளுக்குத் தனி லைன்: எர்த் கம்பியில் பட்ட பாடு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குக் குடிவந்த நாள் முதலாக, ஐஸ்பெட்டி ஓடத் தொடங்கும் போதெல்லாம் ஒலிபெருக்கியில் 'டப்' என்று சத்தம் கேட்டதால், ஆம்பிளிஃபையருக்கு டிபி போர்டிலிருந்து (வீட்டின் மின் விநியோகப் பெட்டி) தனி லைன் இழுக்க முடிவு செய்தேன். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி, 20 ஆம்பியர் எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), இரட்டைப் பிளக் பாயிண்ட் எல்லாம் ஒரே காலையில் முடிந்தன.

வினை எர்த்தில், அதாவது கசியும் மின்சாரத்தை நிலத்துக்கு இறக்கும் இணைப்பில், வந்தது. ஒலிக் கருவிக்குச் 'சுத்தமான எர்த்' வேண்டும் என்று ஒயர்மேன் பின்புறக் கால்வாயோரம் புதிதாக ஒரு செம்புத் தண்டை மண்ணில் அடித்து இறக்கி, புதிய பாயிண்டின் எர்த்தை வீட்டு எர்த்தோடு சேர்க்காமல் அதில் மட்டும் முடுக்கிவிட்டுப் போய்விட்டார். அன்று மாலை ஆம்பைப் போட்டதும் விடாத உறுமல். கணினியிலிருந்து வரும் சிக்னல் கேபிளைக் கழற்றினால் நின்றது, மாட்டினால் மீண்டும் வந்தது. கணினி பழைய எர்த்திலும் ஆம்பு புதிய எர்த்திலும் இருந்ததால், இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடு அந்தக் கேபிளின் உலோக உறை வழியே மின்னோட்டமாக ஓடியிருக்கிறது. உறுமலையாவது பொறுத்துக்கொள்ளலாம், பக்கத்தில் இடி விழுந்தால் அந்த வேறுபாடு ஒரு நொடியில் பல ஆயிரம் வோல்ட்டாக ஏறி, இரண்டு கருவிகளையும் கேபிள் வழியாகவே பொசுக்கிவிடும். மாலையானால் இடி முழங்கும் நம் நாட்டில் இது சாதாரண விஷயம் அல்ல.

மறுபடி அழைத்தால், "கேபிள் மட்டமானது அண்ணே, மாத்திடுங்க" என்றார். வேலை முடிந்ததற்கும் சோதனைக்குமான சான்றுப் பாரங்களான போராங் ஜி, எச் கேட்டதற்கு, "சின்ன வேலைக்கு அதெல்லாம் எதுக்கு?" என்றவர் அதன்பின் தொலைபேசியையே எடுக்கவில்லை.

சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிவுபெற்ற வேறொருவரைத் தேடிப் பிடித்தேன். அவர் பாயிண்டின் எர்த்தைப் போர்டின் எர்த் பட்டைக்கே கொண்டுவந்து இணைத்து, கணினியையும் அதே பாயிண்டில் மாட்டச் சொன்னார்; உறுமல் அந்த நிமிடமே அடங்கியது. ஆம்பைப் போடும்போது அதனுள் இருக்கும் டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் இழுக்கும் திடீர் மின்னோட்டத்தில் பி வகை எம்சிபி அவ்வப்போது விழுந்துகொண்டிருந்ததையும் கவனித்து, அதைத் தாங்கும் சி வகைக்கு மாற்றினார். மெக்கர் என்ற கருவியால் கம்பியின் காப்பையும், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி விழுகிறதா என்பதையும் என் கண்முன் சோதித்த பிறகே இரண்டு பாரங்களிலும் கையொப்பமிட்டார். அந்தத் தாள்களைக் கையில் வாங்கியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

தனி லைன் இழுக்கப் போகிறவர்கள் முன்பணம் கொடுக்குமுன் ஒயர்மேனின் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். சுவரைப் பூசி மூடுமுன் புதிய எர்த் கம்பி போர்டில் எந்த இடத்தில் முடுக்கப்பட்டிருக்கிறது என்று நின்று பார்த்துவிடுங்கள். எனக்குச் சுவரை மறுபடி உடைத்துப் பூசிய செலவு, கம்பிக்கும் எம்சிபிக்கும் கொடுத்ததைவிட அதிகம்.