திருகிப்போன குழாயும் ஒரு கொண்டை வலையும்

டொராண்டோவில் படிக்கும் அக்கா மகள் போன அக்டோபரில் கேட்டாள்: "சித்தி, எனக்கு ஒரு ஸ்நூட் பின்னித் தர்றீங்களா?" மஃப்ளர் தெரியும், ஸ்கார்ஃப் தெரியும். இது என்ன? "முனையே இல்லாத மஃப்ளர் சித்தி, தலை வழியா மாட்டிக்கலாம்." சரி, குழாய். கோவையில் மார்கழிக்கே கம்பளி தேவைப்படாது, ஆனாலும் ஒத்துக்கொண்டேன்.

5 மி.மீ. வட்ட ஊசி, நடுத்தரத் தடிமனில் உல்லன் நூல். மாதிரி பின்னிப் பார்த்ததில் 10 செ.மீ.க்கு 16 கண்ணி (ஊசியில் ஏறும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி) வந்தது. சுற்றளவு 60 செ.மீ. வேண்டும் என்பதால் 96 கண்ணி. இரண்டு நேர்க் கண்ணி, இரண்டு எதிர்க் கண்ணி என்று மாற்றி மாற்றிப் பின்னி ரிப் (இழுத்தால் விரியும் வரிவரியான பின்னல்) போட நான்கால் வகுபட வேண்டும்; 96 கச்சிதம்.

வட்டமாக இணைக்கும்போது கண்ணிகள் ஊசியில் திருகியிருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்வார்கள். பார்த்ததாகத்தான் நினைத்தேன். 7 செ.மீ. ஏறிய பிறகு மேசையில் விரித்தால், எப்படிப் புரட்டினாலும் ஓரிடத்தில் முறுக்கு. கணவர் "மோபியஸ் பட்டை!" என்று குஷியாகிவிட்டார். இல்லை. மோபியஸ் என்பது நாடாவை அரைத் திருகு திருகி முனைகளை ஒட்டினால் வரும் வளையம். அதற்கு விளிம்பு ஒன்றே ஒன்றுதான். இப்படித் தவறிப் பின்னினால் விழுவது முழுத் திருகல், விளிம்பு இரண்டும் அப்படியே இருக்கும். வாதத்தில் ஜெயித்தேன், உட்கார்ந்து பிரித்ததும் நான்தான்.

இரண்டாம் முறை முதல் இரண்டு வரிசையை வட்டமாக இணைக்காமல் முன்னும் பின்னுமாகப் பின்னிவிட்டு, அப்புறம் வட்டமாக்கினேன். பட்டையாக இருப்பதால் திருகினால் உடனே கண்ணில் படும். அடியில் விடுபடும் சின்ன இடைவெளியை, தொடக்கத்தில் தொங்கும் வால் நூலாலேயே தைத்துவிடலாம். 25 செ.மீ. உயரம் முடிக்கப் பதினொரு மாலைகள் ஆயின.

பின்னும் நேரமெல்லாம் அந்தப் பெயர் உறுத்திக்கொண்டே இருந்தது. தேடினால், ஸ்நூட் முதலில் கழுத்துக்கே உரியது இல்லை! பழைய ஆங்கிலத்தில் அது முடியைக் கட்டும் நாடா. ஸ்காட்லாந்தில் அந்தக் காலத்தில் மணமாகாத பெண்கள் அணிந்தது. கல்யாணமானதும் அது போய்த் தலைத்துணி வந்துவிடும். பின்கூந்தலைப் பை போல அள்ளிக்கொள்ளும் வலை 1860களில் பெரிய மோஸ்தராக இருந்தது. கழுத்துக் குழாய் இந்தப் பெயரை எடுத்துக்கொண்டது மிகவும் பிந்தித்தான். அதுவும் எங்கெல்லாமோ போயிருக்கிறது: 2010 குளிர்காலத்தில் இங்கிலாந்தில் கால்பந்து வீரர்கள் இதைப் போட்டு ஆட, கழுத்துக்கு ஆபத்து என்று 2011இல் கால்பந்து விதிகளை வகுக்கும் குழு தடையே போட்டுவிட்டது.

எனக்குப் பிடித்துப்போனது இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஸ்நூட். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பெண்கள் ஆலைக்குள் போனபோது, சுழலும் இயந்திரத்தில் முடி சிக்காமல் இருக்க வலை வேண்டியிருந்தது. ஹாலிவுட் நடிகை வெரோனிகா லேக் ஒரு கண்ணை மறைத்து விழும் கூந்தலுக்குப் பேர்போனவர். அந்த அலங்காரத்தைப் பார்த்து ஆலைப் பெண்களும் முடியை விரித்துப் போடுகிறார்களே என்று, அரசு கேட்டுக்கொண்டதால் 1943இல் முடியை ஏற்றிக் கட்டினார். பிரிட்டனில் 1941 ஜூனிலிருந்து துணிக்கு ரேஷன். மிச்சம் மீதி நூலில் வீட்டிலேயே போட்டுக்கொள்ள முடிந்த இந்த வலை, கூப்பன் செலவில்லாத அழகாகவும் ஆனது.

இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா இருபது வருடம் நூற்பாலையில் வேலை பார்த்தவர். "சடையைத் தொங்கவிட்டா சூப்பர்வைசர் உள்ளயே விடமாட்டார்" என்றார், இதில் என்ன அதிசயம் என்பது போல.

அதனால் அடுத்தது கொண்டை வலைதான். கறுப்புப் பருத்தி நூல், குரோஷா ஊசி. எட்டுச் சங்கிலியில் ஒரு வளையம். அதிலிருந்து ஏழு ஏழு சங்கிலியாக வளைவுகள் வைத்துச் சுற்றிக்கொண்டே போய், விளிம்பில் எலாஸ்டிக் கோத்தேன். ஃபேன்ஸி ஸ்டோரில் பத்து இருபதுக்குக் கிடைக்கும் நைலான் வலையைவிட ஆயிரம் மடங்கு அழகு. ஆனால் ஓட்டை பெரிது. முடி நுனி அங்கங்கே எட்டிப் பார்த்தது. எண்ணெய் வைத்த தலையில் போட்டதால் இரண்டே நாளில் நூலில் பிசுக்கு வேறு. இரண்டாவதை நான்கு சங்கிலியில் போட்டேன். ஒரு முடியும் வெளியே வரவில்லை.

டொராண்டோவுக்குக் குழாய் போய்ச் சேர்ந்துவிட்டது. படத்தில் அதைக் காதுவரை இழுத்துவிட்டிருக்கிறாள். வலையை அம்மா தலையில் போட்டு, கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"மில்லுக்கு இதெல்லாம் தாங்காது. கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போலாம்" என்றார். இன்னும் திருப்பித் தரவில்லை.